மீன் இறங்கும் ஊரும் பணம் இறங்கும் ஊரும்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்தைப் பார்க்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது வலது கண் நன்றாகத் தெரிகிறது. அலாஸ்காவின் கடலுணவுத் தொழிலைப் பற்றி நீ அனுப்பியிருந்த அறிக்கையைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் பிடிபடும் மீனில் எடைக்கணக்கில் பாதிக்கும் மேல் அந்த ஒரு மாநிலத்துக் கடலிலிருந்தே கிடைக்கும்போது, கரையோரக் கிராமங்கள் ஏன் நலிந்து கிடக்கின்றன என்று கேட்டிருக்கிறாய். கல்லூரியில் பொருளியல் படித்த நாளில் ஒரு கேள்வியும் கேட்காத நீ இப்போதாவது கேட்டாயே!

ஒரே மீனுக்கு மூன்று மதிப்பு உண்டு. படகு மீனை விற்கும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு சீட்டு எழுதப்படுகிறது. எந்த உரிமத்தில், எந்தக் கடற்பகுதியில், என்ன மீன், எத்தனை பவுண்டு எடை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டுகளின் கூட்டுத்தொகை மீனவர் கைக்கு வரும் மதிப்பு. தலையையும் குடலையும் நீக்கி உறையவைத்தோ, டப்பாவில் அடைத்தோ, சினையைத் தனியே பிரித்து உப்பிட்டோ ஆலை விற்கும்போது கிடைப்பது இரண்டாவது மதிப்பு. இது பெரும்பாலும் முதல் மதிப்பின் இரு மடங்கை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். டீசல் விற்பவர், வலை பழுதுபார்ப்பவர், சரக்குக் கப்பல்காரர் என்று பணம் கைமாறும் இடங்களையெல்லாம் கூட்டினால் வருவது மூன்றாவது. மூன்றும் பொய்யில்லை. ஆனால் அறிக்கை எழுதுபவர்கள் முதல் பக்கத்தில் போடுவது எப்போதும் மூன்றாவதைத்தான். அந்தப் பணம் எந்த ஊரில் தங்குகிறது என்பதை அது சொல்வதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் மகள் வீட்டில் தங்கச் சியாட்டில் சென்றிருந்தபோது மீனவர் துறைமுகத்துக்கு ஒரு காலையில் நடந்துபோனேன். தளத்தில் வலையை விரித்து ஒருவர் ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படகில் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எங்கே மீன்பிடிக்கப் போவீர்கள் என்று கேட்டேன். வடக்கே, அலாஸ்காவுக்கு என்றார். அதாவது, மீன் அலாஸ்காவுடையது. படகு வாங்கிய கடன், பழுதுச் செலவு, காப்பீடு, மாலுமியின் வீட்டு வாடகை எல்லாம் சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கு. உன் கேள்விக்குப் பாதிப் பதில் எனக்கு அந்தத் துறைமுகத்திலேயே கிடைத்துவிட்டது.

அலாஸ்கா மக்களுக்கு இது புதிய செய்தியன்று. வெளியூர் டப்பா ஆலைகள் ஆற்றுமுகங்களில் பெரும் மீன்பொறிகளை நட்டுச் சால்மன் மீனை வாரிக்கொண்டு போன கோபம், அவர்கள் தனி மாநிலம் கேட்டதற்கு ஒரு காரணம். 1956-இல் அரசியல் சட்டத்தோடு பொறி ஒழிப்பையும் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். 1959-இல் மாநிலமானதும் பொறிகள் போயின. 1973-இல் உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. மீன்வளத்துக்கு அது நல்லதே செய்தது. ஆனால் உரிமத்தை விற்கலாம் என்று வைத்ததால், பிரிஸ்டல் விரிகுடா போன்ற இடங்களில் கைமுடைப்பட்ட கிராமத்துக் குடும்பம் உரிமத்தை வெளியூராருக்கு விற்றுவிட்டுத் தன் ஆற்றுவாயிலேயே வேடிக்கை பார்க்கும் நிலை வந்தது. 1992-இல் பெரிங் கடற்கரைக் கிராமங்களுக்கென மீன்பிடி ஒதுக்கீட்டில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று 65 கிராமங்கள் பொல்லாக் மீனில் 10 சதவீதத்தைப் பெறுகின்றன. அறிக்கையில் அதிகம் பேசப்படாவிட்டாலும் என் கணக்கில் இதுவே பெரிய காரியம்.

விலையின் கூத்தையும் மறந்துவிடாதே. 2022-இல் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு ஏறத்தாழ 7.9 கோடிச் சிவப்புச் சால்மன்கள் வந்தன. அதற்கு முன் அப்படி வந்ததில்லை. அந்த ஆண்டு ஆலைகள் மீனவருக்குக் கொடுத்த அடிப்படை விலை பவுண்டு எடைக்கு 1.15 டாலர். மறு ஆண்டு, கிடங்குகளில் பழைய சரக்கு தேங்கிக் கிடக்க, அது 50 சென்டுக்கு இறங்கியது. கடல் கொடுத்ததைச் சந்தை பிடுங்கிக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் படகுக் கடனின் தவணை மட்டும் மாறவில்லை.

சில சமயம் கடலே கைவிரித்துவிடுகிறது. பெரிங் கடலின் பனிநண்டுப் பருவம் 2022-இல் முதன்முறையாக மூடப்பட்டது. நீர் வெப்பமடைந்தபோது நண்டுகளுக்குப் பசி கூடி, இரை போதாமல், சுமார் 1,000 கோடி நண்டுகள் மறைந்தன என்பது அறிவியலாளர் கணிப்பு. ஆலையில் இறங்கும் நண்டுக்கான வரியை நம்பி நகர நிர்வாகம் நடத்திய செயின்ட் பால் தீவு திகைத்து நின்றது. அந்தத் தீவைப் பற்றிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது: கரையில் பதனிடும் மீனுக்கு ஆலை செலுத்தும் 3 சதவீத வரியில் பாதி ஆலை இருக்கும் ஊருக்குத் திரும்புகிறது, முதல் பக்கத்துப் பெருந்தொகையைவிட இந்தச் சிறு தொகையில்தான் தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் ஓடுகின்றன. குளிர்காலத்துக்கு வீட்டில் காயவைக்கும் சால்மனோ எந்தச் சீட்டிலும் ஏறுவதே இல்லை.

அறிக்கையின் பிற்சேர்க்கையில் உரிமம் வைத்திருப்போர் எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்ற அட்டவணை இருக்கும். நீ அனுப்பிய பிரதியில் அந்தப் பக்கங்கள் இல்லை. கிடைத்தால் அனுப்பு, எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்