ஒரு லாரி மண் போதுமா என்று கேட்டாய்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் நிற்கிறது, அதில் ஒரு வாளி மிதக்கிறது. "ஒரு லாரி மண் அடித்தால் சரியாகிவிடுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர் தோண்டிய மண்ணைச் சும்மாவே தருவதாகவும் எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சும்மா மண்ணைப் பற்றி. நாங்களும் ஒரு தடவை வாங்கினோம். நீ அப்போது மூன்றாம் வகுப்பு, உனக்கு ஞாபகம் இருக்காது. கருகருவென்று, பார்க்கவே அழகான மண். காசு கொடுக்காமல் வந்ததே என்று உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆள் வைத்துப் பரப்பினோம், மேலே நாலு தடவை நடந்து மிதித்தோம், வேலை முடிந்தது என்று கையைக் கழுவினோம். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. சுவரை ஒட்டி ஒரு சாண் உள்வாங்கிவிட்டது. அதுவரை கொஞ்சம் தள்ளி நின்ற தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டியே நிற்க ஆரம்பித்தது. உள்பக்கச் சுவரில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது.

தோண்டிப் பார்த்தால், உடைந்த ஓடு, சிமெண்ட் மூட்டையின் கந்தல், ஒற்றைச் செருப்பு, என் மணிக்கட்டு தடிமனுக்கு ஒரு வேர். மண்வெட்டி பட்டதும் அந்த வேர் ஈரத் தவிடு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து போனது. அது இருந்த இடத்தில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து. மேலே நின்று பார்த்தபோது இது எதுவும் தெரியவில்லையே என்று அப்பா அன்று முழுக்கப் புலம்பினார்.

அந்த மண் அவ்வளவு கருப்பாக இருந்ததற்குக் காரணமே அதில் மக்கிக்கொண்டிருந்த இலையும் வேரும்தான். செடிக்கு அது அமிர்தம். பள்ளம் நிரப்புவதற்கு அதே மண் ஆகாது. மக்க மக்கச் சுருங்கும், சுருங்கச் சுருங்க இறங்கும். உனக்கு வேண்டியது மேல்மண்ணுக்குக் கீழே இருக்கும் அடிமண். வெளிறிய நிறத்தில், வேர் இல்லாமல், வாசனை எதுவும் இல்லாமல், பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருக்கும். வீடு கட்டத் தோண்டும்போது ஆழத்தில் வரும் மண் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் அவர் தரும் மண்ணை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் போய்ப் பார். குவியலின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டு வந்துவிடாதே, பக்கவாட்டில் கிளறச் சொல். ஒரு கை அள்ளி முகர்ந்து பார். பெட்ரோல், எண்ணெய், பெயிண்ட் வாடை அடித்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்றும் கேள். பழைய வண்டிப் பட்டறையோ தொழிற்சாலையோ இருந்த இடமென்றால், சோதனை செய்யாத மண் உன் வீட்டுக்கு வேண்டாம். குழந்தைகள் விளையாடப் போகிற இடம் அது.

அப்படியே ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அந்த மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வை. மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் தெளிய ஓரிரு மணி நேரம் ஆகும். களிமண் அடங்க ஒரு நாள், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். பாட்டிலில் பெரும்பங்கு களிதான் என்றால் யோசி. சில வகைக் களி ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும், சுவரைச் சும்மா விடாது. முழுக்க மணலாக இருந்தாலும் உதவாது. மழைத் தண்ணீர் சல்லடையில் இறங்குவது போல நேராக அஸ்திவாரத்துக்குப் போய்விடும். மணலும் கொஞ்சம் களியும் கலந்திருந்தால்தான் இறுகவும் செய்யும், மேலே விழுந்த தண்ணீரை வழியவும் விடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன், சிரிக்காதே. உனக்கு மண்ணே தேவைப்படாமல் போகலாம். உன் இரண்டாவது போட்டோவில், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவர் மூலையிலேயே முடிந்துவிடுகிறது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் கிட்டத்தட்ட 2,360 லிட்டர் தண்ணீர். அத்தனையையும் சுவரடியில் கொட்டிவிட்டு, மண் சரியில்லை என்று மண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? முதலில் அந்தக் குழாயை ஆறேழு அடி தள்ளி நீட்டிவிடு. ஒரு மழை பார். அதற்குப் பிறகும் தண்ணீர் நின்றால் மண்ணைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் லாரிக்குப் போன் போடாதே, நூல் கட்டு. சுவரோரம் ஒரு முளை, அங்கிருந்து 10 அடி தள்ளி இன்னொரு முளை. இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற குழாய்) வைத்து மட்டம் பிடி. அப்புறம் வெளி முளையில் மட்டும் நூலை 6 அங்குலம் இறக்கிக் கட்டு. வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு அந்த வாட்டம் வேண்டும். நூலுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நீ நிரப்ப வேண்டியது. சில இடத்தில் நூல் தரையில் முட்டும், அங்கே செதுக்க வேண்டும். பாதிப் பேருக்கு இது புரிவதே இல்லை, எல்லா இடத்திலும் கொட்டிவிட்டு ஏன் தண்ணீர் ஓடவில்லை என்பார்கள்.

சுவர்ப்பக்கம் நூல் எவ்வளவு உயரத்தில் தொடங்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஈரம் மேலே ஏறாமல் இருக்க அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு தடுப்புப் பட்டை ஓடும். மண்ணின் தலை அதற்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். காற்றுப் போகும் துவாரம், மரச்சட்டம் எதையும் மண் மூடக் கூடாது. நாங்கள் அன்று பட்டைக்கு மேலேயே ஏற்றிவிட்டோம், கரையானுக்கு நாங்களே படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி. உன் வீட்டில் உயர்த்த இடமில்லை என்றால் வெளிப்பக்கத்தைத் தாழ்த்தி, ஆழமில்லாத அகலமான வாய்க்கால் ஒன்று எடுத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போ. பக்கத்து வீட்டு மதில் பக்கம் மட்டும் திருப்பிவிடாதே. தண்ணீரால் வந்த பகை லேசில் வற்றாது, பல ஊர்களில் அது சட்டப் பிரச்சினையும் கூட. நிலத்தை உயர்த்த அனுமதி தேவையா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

எவ்வளவு மண்? லோடு கணக்கில் பேசாதே, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு லோடு. கன அடியில் பேசு. 40 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி அரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 300 கன அடி. இறுக்கினால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 375 ஆக வாங்க வேண்டும். தளர்ந்த மண் ஒரு கன அடி ஏறக்குறைய 40 கிலோ, ஆக மொத்தம் 15 டன். அந்தப் பாரத்தோடு லாரி உன் வாசல் தளத்திலோ கழிவுத் தொட்டி மேலோ ஏறக் கூடாது. தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு இரண்டரை கன அடி பிடித்தால் 150 நடை. மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டு.

கொட்டும்போது நீ அங்கே நில். இதை மட்டும் விட்டுவிடாதே. வண்டி சாய்ந்து மண் சரியும் அந்த அரை நிமிஷம்தான் உள்ளே இருப்பது கண்ணில் படும். கட்டை, கல், குப்பை தெரிந்தால் அப்போதே நிறுத்தச் சொல். பரப்பிய பிறகு வாயைத் திறந்து பிரயோஜனமில்லை.

மண் வருவதற்கு முன்பே அங்கிருக்கும் புல்லைச் செதுக்கி எடுத்துவிடு, அது அடியில் கிடந்தால் அழுகும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வை, கடைசியில் நாலு அங்குலத்துக்கு அதைத்தான் மேலே போட்டுப் புல் வைக்கப் போகிறாய். புதுமண்ணை ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாதே. ஒரு அடுக்கு போடு, இடி, அடுத்த அடுக்கு போடு. ஈரம்தான் இதில் சூட்சுமம். கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளி. உள்ளங்கை நனைந்தால் ஒரு நாள் காய விடு. ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மிக நன்றாக இறுகும் என்பதை அணை கட்டுகிறவர்களுக்காக 1933-இல் பிராக்டர் என்ற பொறியாளர் எழுதி வைத்தார், இன்றைக்கும் சாலை போடுகிறவர்கள் அவர் பெயரிலேயே அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். உனக்கு உன் உள்ளங்கை போதும்.

சுவரிலிருந்து மூன்றடிக்குள் திமிசுக் கட்டையால் கையாலேயே இடி. அதிரும் இயந்திரத்தை அங்கே கொண்டு போகாதே, சுவர் தாங்காது. வெளியே வாடகை இயந்திரம் ஓட்டிக்கொள்ளலாம்.

மூலையில் நிற்கும் மரத்தடியில் மண் ஏற்றாதே. அதன் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு அடிக்குள்தான் இருக்கும், அதற்கு மூச்சு வேண்டும். மரம் உடனே வாடாது, இரண்டு மூன்று வருஷம் கழித்து உச்சிக் கிளை காயும். அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சாக்கடை மூடியையும் புதைத்துவிடாதே, எங்கே இருக்கிறது என்று பிறகு கம்பியால் குத்திக் குத்தித் தேடியவள் நான்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் மழைக்குப் பிறகு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று தள்ளுவண்டி மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடி மிச்சம் வைத்திரு.

நூல் கட்டியதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சுவரின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி. அந்த வாளியைக் கவிழ்த்து உள்ளே எடுத்து வை, கொசு முட்டை வைக்கப் போகிறது.

அன்புடன்,
அம்மா