பரிசு வாங்கிய படம் சரி, தேர்வுத் தேதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையில் உள்ள ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பெரிய செய்தி வந்திருந்தது. தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கிற பள்ளி அது. கணிதப் போட்டியில் பதக்கம், வினாடி வினாவில் கோப்பை, கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் அந்தப் பள்ளியில் இனி நடக்கப்போகிறவை: அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா, பழைய மாணவர்கள் கூடும் நாள், அடுத்த ஆண்டு சேர்க்கைக்கான தேர்வு.

ஜெயித்த பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பொறாமையில் இதை எழுதவில்லை. அந்தப் பக்கத்திலேயே எங்களுக்கு உபயோகமான பகுதி அந்தச் சின்னக் கட்டம்தான் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அதுபோல ஒரு கட்டம் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

நான் மன்னவனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கொடைக்கானல் மேல்மலையில் பத்திரிகை என்பது கடைக்குக் கடை ஒன்று என்ற கணக்குதான். கொடைக்கானலிலிருந்து வரும் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். வாங்குகிறவர் ஒருவர், படிக்கிறவர்கள் பலர். காலையில் ராசிபலனுக்கும் பூண்டு விலைக்கும் ஆள் வரும். சாயங்காலம் பள்ளி விட்டதும் பையன்கள் வந்து விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொள்வார்கள். அந்தச் சாதனைச் செய்தி வந்த அன்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மாவட்டப் பக்கத்தை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, இதெல்லாம் யாரு வேணா எழுதலாமா? எப்ப எழுதணும்?" என்று கேட்டான். செய்தியில் தேடினேன். மேடையில் இருந்த பிரமுகர்களின் பெயர் ஏழு வரிக்கு இருந்தது. போட்டியை நடத்தியது யார், எந்த வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம், அடுத்தது எப்போது என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பையனுக்கு உடுமலைப் பக்கம் இருக்கிற அமராவதிநகர் சைனிக் பள்ளியில் சேர ஆசை. ராணுவத்தில் அதிகாரியாகச் சேரப் பிள்ளைகளைத் தயார் செய்கிற விடுதிப் பள்ளி அது. 1962ல் தொடங்கிய பள்ளி. 2021 வரை ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த இடம். எங்கள் மேற்குச் சரிவில் பெய்கிற மழை மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாக அந்த ஊர் அணைக்குத்தான் போய்ச் சேருகிறது. தண்ணீர் நேராக இறங்கிவிடும், நாம் போவதென்றால் கொடைக்கானல் போய், பழநிக்கு இறங்கி, உடுமலை சுற்றிப் போக வேண்டும். அது கிடக்கட்டும். அங்கே ஆறாம் வகுப்பில் சேரவும் ஒன்பதாம் வகுப்பில் சேரவும்தான் நுழைவுத் தேர்வு. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான். ஆகவே தமிழ் வழியில் படிக்கிற மலைப் பையனுக்கு உண்மையில் ஒரே ஒரு வாய்ப்பு, அதற்கும் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். வயதும் 10க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் வந்து கேட்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? கட்டணம் கட்டுவது வேறு கதை, அதை அவன் அப்பா பார்த்துக்கொள்வார் அல்லது முடியாது என்பார். ஆனால் முடியுமா என்று யோசிக்கவே அந்த வீட்டுக்கு நேரம் கிடைக்கவில்லையே.

போன ஆண்டு எப்போது நடந்ததோ அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாலும் முடியாது. அந்தத் தேர்வு 2024ல் ஜனவரியில் நடந்தது, 2025ல் ஏப்ரலுக்குப் போய்விட்டது. யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

சைனிக் பள்ளி எல்லோருக்குமானது இல்லைதான். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி திறன் படிப்புதவித் தேர்வு அப்படியல்ல. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே உள்ளது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேறித் தேர்வாகிவிட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். ஒரு போகம் பூண்டு ஏமாற்றிவிட்டால் பிள்ளையின் படிப்பில் கைவைக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ. அவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் எழுதுகிற ஊரகத் திறனாய்வுத் தேர்வு இன்னொன்று. 'டிரஸ்ட்' தேர்வு என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1000 ரூபாய்தான், கொஞ்சம்தான். ஆனால் அதைக் கிராமப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள்தான் எழுத முடியும். கொடைக்கானல் நகராட்சிக்குள் படிக்கிற பிள்ளைக்கு இல்லாத ஒரு சலுகை பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் கூக்காலுக்கும் இருக்கிறது என்றால் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவே எங்கள் பெற்றோர் பலருக்குத் தெரியாது. பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. மாநிலம் முழுக்க 1500 பேருக்கு, மாதம் 1500 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. தமிழில் நன்றாக எழுதுகிற பிள்ளை மேல்மலையில் இல்லையா என்ன?

"சுற்றறிக்கை பள்ளிக்குப் போகிறதே, தலைமையாசிரியர் சொல்ல மாட்டாரா?" என்று கேட்பீர்கள். சொல்கிறார்கள், பாவம். ஆனால் சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. கிளாவரை, போளூர்ப் பக்கம் சிக்னல் கிடைப்பது காற்றையும் மழையையும் பொறுத்தது. அப்படியே வந்தாலும், விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று வேண்டும். இ-சேவையில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போய்த் திரும்பி வர நாள் ஆகும். பளியர் என்கிற எங்கள் மலைப் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்று என்றால் இன்னும் அலைச்சல். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு தெரிந்து பயனே இல்லை. தேர்வு வைத்துச் சேர்க்கிற பள்ளிக்கு அலுவலகம் இருக்கிறது, செய்தி தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்ப ஆள் இருக்கிறது. இங்கே வகுப்பும் எடுத்து, சத்துணவுக் கணக்கும் பார்த்து, பிள்ளைகள் விவரத்தைக் கணினியில் ஏற்றுகிற எமிஸ் பதிவும் போடுகிறவர் பத்திரிகைக்கு எப்போது எழுதுவார்?

தங்களால் முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு மே மாதப் பக்கங்களே சாட்சி. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி எப்போது, என்னென்ன பூ பூத்திருக்கிறது என்று முன்கூட்டியே படத்தோடு போடுகிறீர்கள். 2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது எப்படி விண்ணப்பிப்பது என்று படிப்படியாக எழுதினீர்கள். மலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டிய அந்த அக்கறையில் கால்வாசி, மலையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கிற கலைத் திருவிழா போன்ற போட்டிகளுக்கும் இதே கதைதான். வட்டாரத்தில் ஜெயித்துவிட்டால் அடுத்தது திண்டுக்கல். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கித் திண்டுக்கல் சேருவதற்குள் பறை அடிக்கிற பையன் வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடுவான். நாள் முன்பே தெரிந்தால் முதல் நாளே கூட்டிப்போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்க வைக்கலாம். வேனுக்கு நாலு பேர் காசு போடவும் ஆள் பிடிக்கலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பரிசு வாங்குகிற படம் உங்கள் பக்கத்தில் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். வாரம் ஒரு நாள், எந்தக் கிழமை என்பதைத் தாங்களே முடிவு செய்து, மாறாத ஓர் இடத்தில் ஒரு கட்டம் போடுங்கள். தேர்வின் பெயர், எந்த வகுப்பு, வருமான வரம்பு, என்னென்ன சான்று, கடைசித் தேதி, தேர்வு நாள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கிற விவரம்தான். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எங்கள் ஊர்த் தாத்தா பாட்டிகள்தான் பல வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சாதனைச் செய்தி போடும்போதும் ஒரு வரி சேருங்கள்: 'இத்தேர்வை இன்ன வகுப்பு மாணவர் எழுதலாம், அடுத்த அறிவிப்பு இன்ன மாதம் எதிர்பார்க்கப்படுகிறது.' அதற்கு இடம் போதாவிட்டால் பிரமுகர்கள் பெயரில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம், அவர்கள் கோபித்துக்கொண்டால் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

கட்டம் வருகிற நாளில் அதை வெட்டிக் கடை வாசலில் ஒட்டுவது என் பொறுப்பு. பூம்பாறையிலும் கவுஞ்சியிலும் கடை வைத்திருக்கிற நண்பர்களிடமும் பேசிவிட்டேன், அவர்களும் சரி என்றார்கள். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் உள்ள அறிவிப்புகளில் இருந்து தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலை