ஆல்பியன் ஸ்ட்ராபெர்ரி: பயிரிடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் 'ஆல்பியன்' ஸ்ட்ராபெர்ரி ரகத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பழத்தின் பருமனையும் சுவையையும் விரிவாகப் பாராட்டிய அக்கட்டுரை, இந்த ரகம் ஆண்டு முழுவதும் காய்க்கும் என்று ஒரே வரியில் சொல்லிச் சென்றுவிட்டது. அந்த வரியை நம்பி நிலம் முழுவதிலும் நாற்று நடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால், இந்தப் பயிரில் பல ஆண்டுகள் பாடுபட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

'டயமான்டே' ரகத்தைப் பெற்றோரில் ஒன்றாக வைத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆல்பியன், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும். பகல் குறுகும் காலத்தில் மொட்டுக் கட்டும் 'கமரோசா' போன்ற ரகங்களிலிருந்து அது வேறுபடுவது இதில்தான். ஆனால் வெப்பத்தை அது பொருட்படுத்தாமல் இருப்பதில்லை. பகல் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்கள் தொடர்ந்தால், புதிய மொட்டுக் கட்டுவது குறைந்து நின்றுபோகும். செடியில் உள்ள பழங்களும் சிறுத்துவிடும். பூ பழமாவதற்குச் சுமார் ஒரு மாதம் ஆவதால், இந்த இழப்பு வெயில் தணிந்த பிறகே பறிப்பில் தெரியவரும். முதல் முறை இதை உரக்குறைவு என்று எண்ணித் தழைச்சத்தைக் கூட்டி இட்டேன்; இலைதான் செழித்தது, பழம் வரவில்லை.

கட்டுரை தொடாமல் விட்ட சிறப்பு ஒன்றும் உண்டு. ஸ்ட்ராபெர்ரி, பறித்த பின் இனிப்பு ஏறாத பழம். காம்பருகே வெளுப்பு இருக்கும்போதே பறித்தால் பெட்டிக்குள் சிவப்பது உண்மைதான். ஆனால் செடியில் சேராத இனிப்பு பெட்டியில் சேராது. மென்மையான ரகங்களில், வண்டியில் நசுங்கிவிடுமே என்ற அச்சத்தில் முன்கூட்டியே பறிக்கிறோம். ஆல்பியனின் கூம்பு வடிவ நீள்பழம் நல்ல கெட்டி. முழுதும் சிவந்த பழத்தை நெடுக அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் சிவப்பு ஏறியிருக்கும்; அந்த நிலையிலும் விரலுக்கு உறுதியாக நிற்கும். வாங்குபவர் கேட்கும் கெட்டித்தன்மைக்காகச் சுவையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பதே வணிக நோக்கில் இதன் மிகப் பெரிய பலம் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் பறித்தவுடன் குளிரூட்டி, 0 டிகிரிக்கு அருகில் வைத்தால்தான் அந்த உறுதி ஒரு வாரம் போல நீடிக்கும்.

செடி நெருக்கமில்லாமல் விரிந்து வளர்வதால் பறிப்பவர் இலையைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. வெர்டிசிலியம் வாடல் நோயையும், பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியால் வரும் தூரழுகலையும் இந்த ரகம் நன்றாகத் தாங்கும். இதைக் கேட்டுவிட்டு வடிகாலில் அலட்சியம் காட்டுவோரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நடும்போது தூரின் நடுக்குருத்து மண்ணுக்குள் புதைந்துவிட்டால் எந்த ரகமும் அழுகும். வேர் வெளியே தெரிந்தால் காய்ந்துபோகும். தூரின் பாதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான செஞ்சிலந்தியை வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தேடிப் பார்ப்பதும் தவிர்க்க முடியாத வேலை.

ஒருமுறை மலிவாகக் கிடைத்ததென்று, சான்று பெறாத நாற்றுப்பண்ணை ஒன்றில் நாற்று வாங்கினேன். செஞ்சிலந்தி நாற்றோடு சேர்ந்தே தோட்டத்துக்கு வந்தது; அந்தப் பருவம் முழுவதும் அதை விரட்டுவதிலேயே கழிந்தது.

புதிதாக நட விரும்புவோர், முதல் பருவத்தில் சில வரிசைகளில் மட்டும் ஆல்பியனை நட்டு, தங்கள் நிலத்தின் வெப்பத்தில் அது எந்த மாதங்களில் மொட்டுக் கட்டுகிறது, எப்போது நிறுத்துகிறது என்று குறித்து வைத்துப் பார்க்க வேண்டும். இனி ரகங்களைப் பற்றி எழுதும்போது, மொட்டுக் கட்டத் தேவையான வெப்பநிலையையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ட்ராபெர்ரி விவசாயி ஒருவர்