விசில் சத்தம் இல்லாத ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் மனச்சோர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்' என்ற ஒற்றை வரி அறிவுரையோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 22 ஆண்டுகளாக உடற்கல்வி கற்பிக்கிறேன். அந்த ஒற்றை வரி சில பிள்ளைகளை மேலும் ஒடுங்க வைப்பதைக் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வகுப்பிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். விசில் ஊதினால் தோள் குறுகும். தோழியின் முகம் வாடியிருந்தால் அன்றிரவு தூக்கம் போய்விடும். 'தொட்டாற்சிணுங்கி' என்று சுற்றியிருப்பவர்கள் பட்டம் கட்டிவிடுவார்கள். உளவியலாளர்களான எலைன் ஏரன், ஆர்தர் ஏரன் தம்பதியர் 1997இல் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டு, இந்த நுண்ணுணர்வை ஓர் இயல்பாகவே விளக்கினார்கள். இது நோயன்று. நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இப்படி இருப்பார்கள் என்பது எலைன் ஏரனின் மதிப்பீடு. பிற்கால ஆய்வுகள் 30 வரைகூடச் சொல்கின்றன.

சூழல் மோசமானால் இவர்கள் மற்றவர்களைவிட எளிதில் சோர்வில் விழுகிறார்கள். ஆனால் நல்ல சூழல் கிடைத்தால் மற்றவர்களைவிட அதிகம் தேறவும் செய்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நுண்ணுணர்வு மிக்கவர்களிலும் உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வின் சாயல் குறைவாகவே இருந்தது. பயிற்சியால் சோர்வு குறைந்ததா, சோர்வு குறைந்தவர்களால்தான் பயிற்சி செய்ய முடிந்ததா என்பதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. இருந்தாலும், 1999இல் வெளிவந்த அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், மனச்சோர்வு நோயுள்ள 156 பேரில் ஒரு பிரிவினர் 16 வாரம் உடற்பயிற்சி மட்டும் செய்து, மாத்திரை எடுத்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். அவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள், மாணவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எப்போதும் ஓரமாகவே நிற்பார். கூட்டத்தோடு கலந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, அவரைக் கட்டாயப்படுத்திக் கைப்பந்து அணியில் சேர்த்தேன். பந்தைத் தவறவிட்டபோதெல்லாம் எழுந்த கூச்சல் அவரை என்ன செய்தது என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த மூன்று வகுப்புகளுக்கு அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில், ஆளில்லாத மைதானத்தைத் தனியாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கேட்டபோது, "இந்த நேரத்தில் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், சார்" என்றார்.

அந்த நடையையே வருகைப் பதிவாக ஏற்றுக்கொண்டேன். சில வாரங்களில் இன்னொரு மாணவியும் வந்து சேர்ந்தார். இருவரும் பேசாமலேயே நடப்பார்கள். பருவத்தின் இறுதியில் சில சுற்றுகள் ஓடவும் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் மருத்துவரிடம் சிகிச்சையும் பெற்றுவந்தார். அதனால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் மறுபடியும் வகுப்புக்கு வந்தார்.

இதயம் வேகமாக அடிப்பதையே ஆபத்தாக உணர்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை முதல் நாளே மூச்சிரைக்க ஓடச் சொன்னால் மறுநாள் வர மாட்டார்கள். வேகம் கூடினால் பலனும் கூடும் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அந்த வேகத்துக்கு அவர்கள் தாங்களாகவே வந்து சேர நாம் பொறுத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். நாளுக்கு ஒரு மணி நேரம் மைதானத்தில் விசில், ஒலிபெருக்கி, போட்டி, மதிப்பெண் எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் தனியாக நடப்பவருக்கும் வருகைப் பதிவு கொடுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், உயிரோடு இருப்பதே பாரம் என்று பேசுகிற மாணவரை மட்டும் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், ஓரமாக நிற்கும் அந்த மாணவர்களிடமும் பேசிவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்