ஒரு செமஸ்டருக்கு ஏழு கிரெடிட் போதும், அக்கா

ஹூஸ்டன்
அக்டோபர் மாதம்

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். நீ நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய், எனக்கு இங்கே காலை ஒன்பது மணி, வேலைக்குப் போகிற அவசரம். "ரெண்டே ரெண்டு பாடம் எடுத்துப் படிச்சா நீ எப்பம் முடிக்கப் போறே?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் நர்சிங்கில் சேர்ந்துவிட்டதாக அத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறாராம். இன்னும் சேரவில்லை அக்கா. நீ பிளஸ் டூ மார்க்கை வைத்து நேராக பி.எஸ்சி. நர்சிங் போனாய். அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் அந்தப் படிப்புக்குள்ளேயே வந்தது. இங்கே அவற்றை கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புகள் நடத்தும் உள்ளூர்க் கல்லூரியில், முதலில் தனியாகப் படித்து முடிக்க வேண்டும். ப்ரீரெக்விசிட் என்கிறார்கள். அதில் வாங்கும் கிரேடையும் ஒரு நுழைவுத் தேர்வின் மார்க்கையும் பார்த்துத்தான் நர்சிங்குக்கு எடுப்பார்கள். அதன் பிறகு இரண்டு வருடப் படிப்பு, கடைசியில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு.

ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்பதை இங்கே கிரெடிட் என்ற கணக்கில் சொல்வார்கள். டெக்சாஸில் பாட எண்ணைப் பார்த்தாலே எத்தனை கிரெடிட் என்று தெரிந்துவிடும். அனாடமி அண்ட் பிசியாலஜி முதல் பாகம் 2401, இரண்டாம் பாகம் 2402, நர்சிங்குக்கான மைக்ரோபயாலஜி 2420. எண்ணின் இரண்டாவது இலக்கம்தான் கிரெடிட். அதனால் மூன்றும் நான்கு நான்கு கிரெடிட். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் 1301, அது மூன்று. இந்த செமஸ்டரில் நான் எடுத்திருப்பது 2401-ம் 1301-ம். ஆக ஏழு.

கேட்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்புக்கு வெளியே வாரம் இரண்டு மூன்று மணி நேரம் படிக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஏழு கிரெடிட்டுக்கு 14 முதல் 21 மணி நேரம். இதுபோக வகுப்பு, லேப். பல் கிளினிக்கில் இன்சூரன்ஸ் பில்லிங் வேலை வாரம் 25 மணி நேரம். சமையல், பாப்பாவைப் பள்ளிக்கு விட்டுக் கூட்டி வருவது எல்லாம் அதற்கு மேல். முழுநேர மாணவி என்றால் 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அதற்கு என்னிடம் நேரம் எங்கே இருக்கிறது, நீயே சொல்.

லேப் பரீட்சையை நீ பார்க்க வேண்டும் அக்கா. மேசை மேசையாக எலும்புகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் வண்ணச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஒரு மேசைக்கு ஒரு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். தோள்பட்டை எலும்பைக் கையில் கொடுத்து, இது இடதா வலதா என்று கேட்பார்கள். கை எலும்பு பொருந்தும் கிளெனாய்டு குழி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், ஸ்பைன் என்கிற மேடு முதுகுப் பக்கம் வர வேண்டும் என்று மனதுக்குள் என் தோளிலேயே அதைப் பொருத்திப் பார்த்து எழுதுவேன். ஸ்பெல்லிங் தப்பினாலும் மார்க் போகும். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் கூழாங்கற்கள் மாதிரி ஒன்றாகக் கிடக்கும். அவற்றைப் பிரித்தறிய, திரும்பத் திரும்பக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு லேப் திறந்திருக்கும் நேரத்தில் போய் உட்கார வேண்டும். இதனால்தான் லேப் உள்ள இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் சேர்க்க மாட்டேன் என்று உறுதியாக இருக்கிறேன்.

  அதற்காக ரொம்ப மெதுவாகவும் போக முடியாது. நான் விண்ணப்பிக்கப் போகும் இடத்தில் அறிவியல் பாடங்கள் ஐந்து வருடத்துக்குள் படித்தவையாக இருக்க வேண்டும். அதற்கு முந்தியது என்றால் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதனால் ஜனவரியில் 2402-ஐயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் எடுப்பேன். கோடையில் சைக்காலஜி மட்டும். கோடையில் ஒரு செமஸ்டர் பாடத்தை ஐந்தே வாரத்தில் நடத்தி முடித்துவிடுவார்கள், அந்த வேகத்தில் அனாடமி எனக்கு ஏறாது. அடுத்த ஆகஸ்டில் மைக்ரோபயாலஜி. அது முடிந்த கையோடு விண்ணப்பம்.

பணத்தைப் பற்றியும் கேட்டாய். பெல் கிராண்ட் என்று அரசு உதவி ஒன்று உண்டு. ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது, நம்ம ஊர் பி.காம் ஆனாலும் டிகிரிதான். அதனால் கைக்காசுதான். அரசுக் கல்விக் கடன் வேண்டுமானால் குறைந்தது ஆறு கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். ஏழு எடுத்திருப்பதால் அந்த வழியும் திறந்தே இருக்கிறது. இதுவரை வாங்கவில்லை.

லேபில் என் பக்கத்தில் நைஜீரியாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். முதல் வாரத்திலேயே எல்லாப் பாடங்களின் பரீட்சைத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதச் சொன்னாள். எழுதிப் பார்த்தால் லேப் பரீட்சையும் ஆங்கிலக் கட்டுரையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டு அந்த வாரம் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். கட்டுரையை ஒரு வாரம் முன்பே முடித்தும் வைத்தேன். என் வீட்டுக்காரர் சனிக்கிழமை சமையலை எடுத்துக்கொண்டார், எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் நன்றாகவே செய்கிறார். பாப்பாவும் தன் பங்குக்கு எலும்புப் பெயரெல்லாம் சொல்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நீ வெள்ளை உடையில் நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை. அவசரப்பட்டுக் குறைந்த கிரேடு வாங்கி, இடம் கிடைக்காமல் வெளியே நிற்க எனக்கு மனமில்லை. ஒரு வருடம் கூடப் போனாலும் பரவாயில்லை, சேரும்போது உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

நவம்பரில் நரம்பு மண்டலம் நடத்துகிறார்கள். மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் உன் முதல் வருட அனாடமி ரெக்கார்டில் கலர் பென்சிலால் வரைந்திருந்தாயே, அந்த நோட்டு பரணில் நீலப் பெட்டியில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு டூட்டி இல்லையென்றால் சாயங்காலம் கூப்பிடுகிறேன், கேள்வி கேட்டு என்னைச் சோதித்துப் பார்.

அத்தானிடம் நான் இன்னும் சேரவில்லை என்று சொல்லிவிடு. அம்மாவை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை