அரைகுறையாய்க் கிடக்கும் போர்வைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரி தொடங்கமுதல் பழைய உடுப்புகளைச் சேர்த்துத் தாருங்கள் என்று போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு அறிவித்தல் வந்திருந்தது. நல்ல விசயம்தான், குறை பிடிக்க எழுதவில்லை. ஆனால் கடைசியில் “கிழிந்திருந்தாலும் பரவாயில்லை” என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதை வாசித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்தையும் வெள்ளம் மூடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த நாட்களில் கண்டாவளையில் இருக்கும் என் தங்கச்சி குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. பால்மா, பாய், மருந்து என்று கொஞ்சச் சாமானோடு ஒட்டுசுட்டானில் இருந்து போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு வகுப்பறை மூலையில் கூரையைத் தொடும் அளவுக்கு உடுப்புக் குவியல். பொத்தான் இல்லாத சட்டைகள், ஒற்றைக் காலுறை, யாரோ ஒரு பிள்ளை பாட்டுப் போட்டிக்குப் போட்ட மினுக்கு உடுப்பு, குளிர்நாட்டுக் கோட்டு ஒன்று. அதைக் கிளறிக் களைத்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, “பிள்ளை, இவ்வளவுக்குள்ளயும் போர்க்க ஒண்டு இல்லையே” என்றார். நிவாரணம் கொடுத்தவர்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் தப்பாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்தக் குவியலுக்குள் நான் கொடுத்தனுப்பிய பையும் எங்கேயோ கிடந்தது.

அந்த வெட்கத்தில்தான் நாங்கள் ஐந்து பேர் பழைய துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கினோம். (ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு ஒட்டுப்போடாமல் இருக்கலாமா என்று என் மச்சாள் பகிடி விடுவார்.) பக்கத்து வீட்டார் ஆரம்பத்தில் “கந்தல் தைக்கிறீங்களோ அக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். கேட்கட்டும். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலேயே நூல் உருவித் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர், அதுவும் எங்கள் கந்தையும் ஒரே சொல்லில் இருந்து வந்தவைதான். நூல் உருவுவது எங்களுக்கும் புதிது இல்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில் என் மாமி மாச்சாக்கின் வாயைப் பிரித்து எடுத்த நூலில்தான் பிள்ளைகளின் உடுப்பைத் தைத்தார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போர்வைக்கு மூன்று படை வேண்டும். மேலே துண்டுகளை இணைத்த பக்கம், நடுவில் சூட்டுக்கு ஏதாவது, கீழே ஒரு முழுத்துணி. புதிதாகத் துணி வாங்குகிறவர்கள் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் போதும் என்பார்கள், பழைய துணி இழை பிரியும் என்பதால் நாங்கள் அரை அங்குலம் விடுகிறோம். 7 அங்குலச் சதுரமாக வெட்டினால் தைத்த பிறகு 6 அங்குலம் நிற்கும். குறுக்கே 10, நெடுக்கே 14, மொத்தம் 140 சதுரம். ஐந்தடி அகலம், ஏழடி நீளம், ஒரு வளர்ந்த ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். கீழ்ப்பக்கத்துக்கு ஒரு நூல்சேலை போதும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, கணக்குப் பார்த்தால் தெரியும். சேலை 6 யார், அதாவது 216 அங்குலம், அகலம் 44. அதில் 88 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டிப் பக்கத்தோடு பக்கம் இணைத்தால் 87 அங்குல அகலம் வரும். சுற்றிவர இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டாலும் 64தான் தேவை. மிஞ்சுகிற 23 அங்குலத்தில் இரண்டரை அங்குலப் பட்டியாக நாலு வெட்டினால் ஓரம் முழுவதையும் சுற்றிவிடலாம், ஓரம் மொத்தமே 8 யார்தான். முகதலைப் பக்கம் ஒரு யாருக்கு மேல் அப்படியே மிஞ்சும், அதில் இரண்டு தலையணை உறை.

துணியைத் தெரிவுசெய்வதில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். நைலோன் சேலை பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் மெசினில் வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது, ஸ்திரிக்கைப் பெட்டி சூடு கொஞ்சம் கூடினால் உருகி ஒட்டும். சந்தேகம் என்றால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், மற்றது உருகி மணிபோல் இறுகும். வெட்டமுதல் எல்லாவற்றையும் தோய்த்துக் காயவையுங்கள், சிவப்பைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை. இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே ஒரு சதுரம் சுருங்கி அடுத்ததை இழுத்துக்கொண்டு நிற்கும். நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தலையணைக்குச் சரி, போர்வைக்கு வைத்தால் இரண்டு தோய்ப்பில் ஒரு மூலையில் கட்டிபட்டுக் கிடக்கும். எங்களுக்குப் பழைய பெட்சீற் இரண்டு போதும், வன்னிக் குளிர் ஒன்றும் நுவரெலியாக் குளிர் இல்லையே.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் நான் சொல்ல வந்தது தைப்பதைப் பற்றி இல்லை, முடிப்பதைப் பற்றி. சதுரம் இணைக்கிற வேலை சந்தோசமானது, நிறம் பார்த்துப் பார்த்து வைக்கலாம், ரேடியோ கேட்டுக்கொண்டே மெசின் மிதிக்கலாம். பிறகு மூன்று படையையும் நிலத்தில் விரித்து, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து ஊக்குக் குத்தி, நடுவில் இருந்து வெளியே தடவிக்கொண்டு வந்து மூன்றும் சேர நூலோட்டித் தைக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் சுருக்கு விழும். அதற்குப் பிறகு ஓரத்துக்குப் பட்டி வைத்து, அதன் பின்பக்கத்தைக் கையாலேயே தைக்க வேண்டும். முதுகு போய்விடும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் மடித்து அலுமாரிக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். எங்கள் ஐந்து பேர் வீட்டிலுமே அப்படிக் கிடந்தது, நான் மட்டும் மூன்று வைத்திருந்தேன்.

மாமியும் ஒன்று விட்டுவிட்டுப் போனார். செத்தவீட்டுக்குப் பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தபோது உரப்பைக்குள் சுற்றி மடித்தபடி இருந்தது. மேல்பக்கம் முழுவதும் கையால் இணைத்திருந்தார். மாமாவின் சாரம், என் மூத்தவளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, அடையாளம் தெரியாத ஒரு பூத்துணி. ஒரு மூலையில் ஊசி குத்தியபடி துருப்பிடித்திருந்தது. எனக்குக் கைவைக்கப் பயம். அவருடைய தையல் சின்னது, ஒரே அளவு, என்னுடையது கோழி நடந்த மாதிரி. இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்தேன். கடைசியில் எங்கள் கூட்டத்தில் மூத்த அக்கா, “அவ வந்து கேட்டா குடுக்கவே வைச்சிருக்கிறாய்? முடிச்சுப் பிள்ளைக்குக் குடு” என்று ஏசி, ஐந்து பேரும் நாலு பக்கமும் இருந்து மூன்று சனிக்கிழமையில் முடித்தோம். என் தையல் எது என்று தூரத்தில் நின்றே தெரிகிறது. இப்போது அது வவுனியாவில் படிக்கும் என் சின்னவளின் கட்டிலில்.

முடித்தவை எல்லாம் நினைத்த இடத்துக்குப் போவதும் இல்லை. 2022 மார்கழிக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்ததே, அந்த நேரம் ஒரு ஐயாவுக்குக் கொடுத்த போர்வையை அவர் கன்றுக்குப் போர்த்திவிட்டுத் தான் சாக்கோடு படுத்திருந்தார். முதலில் கோபம் வந்தது, ஒரு மாதத் தையல் அல்லவா. கன்று தப்பிவிட்டது, இப்போது பால் கறக்கிறார்கள், எங்களுக்கும் ஒருமுறை தயிர் வந்தது. குழந்தை பிறந்த வீடுகளுக்கு முப்பத்தொன்றாம் நாளுக்குச் சின்னதாக ஒன்று கொடுப்போம். ஆனால் ஒரு வயதாகும்வரை குழந்தைமேல் போர்க்க வேண்டாம், முகத்தை மூடினால் ஆபத்து என்று எங்கள் மருத்துவிச்சி சொன்ன பிறகு, நிலத்தில் விரித்துத் தவழ விடுங்கள் என்று சொல்லியே கொடுக்கிறோம்.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் வந்து பெண்களுக்கு மெசின் கொடுத்து, பத்து நாள் பழக்கி, படமும் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த கட்டம் பிறகு என்றார்கள், அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. எங்கள் ஊரில் அரைகுறையாய் நிற்பது போர்வை மட்டும் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்த அறிவித்தலை மறுபடி போடுவதாக இருந்தால் கிழிந்த வரியை எடுத்துவிடுங்கள். பத்துப் பை பழந்துணியைவிடத் தோய்த்து முடித்த ஒரு போர்வை ஈர நிலத்தில் படுப்பவருக்கு உதவும். கிழிந்த நூல்துணியை எறிய வேண்டாம், பக்கத்தில் தைக்கிறவர்களிடம் கொடுங்கள். யார் வீட்டிலாவது மேல்பக்கம் மட்டும் தைத்தது கிடந்தால் தூசி தட்டி எடுத்து, பக்கத்து வீட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டு இந்த மாரிக்குள் முடிக்கச் சொல்லி எழுதுங்கள். ஊக்கு மட்டும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள், பழையது துருப்பிடித்து வெள்ளைச் சதுரத்தில் கறை விட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஒட்டுசுட்டான்.