குழாயைத் திறந்துவிட வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் வயிற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "சரிம்மா, பஸ் வந்திடுச்சு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஓய்வாக இருக்கும்போது படி.

தைப்பூசத்துக்கு வந்திருந்தாயே, அப்போது துவைக்க உன் சட்டைகளை எடுத்தேன். பையின் அடியில், உன் குடலுக்கு வந்த குரோன் (Crohn's) நோய்க்குக் கொடுத்த அந்த மஞ்சள் மாத்திரை மூன்று அட்டை கிடந்தது. ஒன்றுகூட உடைக்கவில்லை. மருந்துப் பையில் ஒட்டியிருந்த தேதி போன செப்டம்பர். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று காலையில்தான் நீ நான்கு தோசை சாப்பிட்டாய். முகம் தெளிவாக இருந்தது. எத்தனை நாளுக்கு அப்புறம் உன்னை அப்படிப் பார்த்தேன்! கேட்க வாய் வரவில்லை.

உடம்பு நன்றாக இருக்கிறது, அதனால் விட்டுவிட்டாய். அப்படித்தானே?

இருபத்திரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் நான். பால் எடுக்கப் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்கு ஒரு நூல் இந்தப் பக்கமே உளி நின்றுவிட வேண்டும். தாண்டிப் பட்டுவிட்டால் மண்டோர், அதாவது கங்காணி, திட்டுவார். அந்தத் திட்டு அன்றோடு போய்விடும். மரத்தில் பட்ட காயம் போகாது. ஆறிவிடும், ஆனால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக மேடு தட்டிவிடும். சில வருஷம் கழித்து மறுபட்டை வெட்ட வரும்போது உளி அங்கே ஓடாது. எனக்குக் கைநடுக்கம் இருந்த முதல் வருஷத்தில் நான் கெடுத்த மரங்களை, தோட்டத்தை விட்டு வரும்வரை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டியிருப்பேன்.

ஈப்போவில் டாக்டர் உன் குடலின் படத்தைக் காட்டி, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாரே, எனக்கு அந்த மரங்கள்தான் கண்ணில் வந்தன. புண் வந்து வந்து ஆறினால் தழும்பு விழும், தழும்பு சேர்ந்து வழி குறுகிவிடும், அப்புறம் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டிவரலாம் என்றார். வலி இல்லாத நாளிலும் உள்ளே புண் இருக்கலாம் என்றும் சொன்னார். நீ அப்போது 17 வயசு, பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். எழுதும் வருஷம், 41 கிலோ. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய் என்றுதான் இப்போது சொல்கிறேன். அந்த மாத்திரை வலிக்காகக் கொடுத்தது இல்லை, தம்பி. தழும்பு விழாமல் இருப்பதற்குக் கொடுத்தது.

அதற்காக இன்றைக்கே எடுத்து விழுங்கிவிடாதே. அது வெள்ளை அணுவைக் குறைக்கும், ஈரலையும் பாதிக்கலாம். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இத்தனை மாதம் விட்டவன் முதலில் டாக்டரிடம் போய், விட்டதை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி தொடங்கு. ஈப்போவுக்கு வர லீவு கிடைக்காவிட்டால், நீ இருக்கிற ஜொகூரிலேயே அரசாங்க மருத்துவமனையில் பார்க்கக் கடிதம் கேட்போம். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி (ரிங்கிட்)தான். இடுப்பு வலிக்கிறது என்று கடையில் புரூஃபென் வாங்கிப் போடாதே, அது குடலுக்கு ஆகாது. சிகரெட்டும் இந்த நோயை மோசமாக்கும். உன் சட்டையில் வாடை அடித்தது. அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போவாய். உள்ளே போனதும் முதலில் குழாயைத் திறந்துவிடுவாய். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்கு நீ போகிற சத்தம் கேட்கக்கூடாது என்று. அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். "யாருக்கும் தெரிய வேண்டாம்யா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டது பேசணும்" என்றேன். பெண் கொடுக்க யோசிப்பார்களே என்று பயந்தேன். சொந்தக்காரர்களிடம் கேஸ்ட்ரிக் என்று சொல்லிவைத்தேன். முதலில் பார்த்த கிளினிக்கில் அப்படித்தானே சொன்னார்கள், அதையே பிடித்துக்கொண்டேன். அப்புறம் குடலில் காசநோயாக இருக்குமோ என்று சோதித்தார்கள். நம் மலேசியாவில் அதுவும் இருக்கிறது, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். அதற்கும் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பால்குடம் நேர்ந்து குனோங் சீரோ மலைக்கோயிலுக்குப் போனேன். எதற்கு வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் உன் பரீட்சைக்கு என்றேன். முருகன் சந்நிதியில் நின்று சொன்ன பொய் அது.

இப்போது நீ அதே பழக்கத்தை ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தின் மேல் வைத்திருக்கிறாய். விடிவதற்கு முன் பஸ், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற வழியில் எவ்வளவு நேரம் ஜாம் என்று தெரியாது, நடுவில் இறங்க வழியில்லை. அதனால் முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வேலை முடிந்து வீடு திரும்பும்வரை பட்டினி கிடக்கிறாய். உன் அறைக்கூட்டாளி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனைத் திட்டாதே. சூப்பர்வைசரிடம் சொல், டாக்டர் கடிதத்தைக் காட்டு. டாய்லெட் போக ஐந்து நிமிஷம் கேட்பதில் என்ன குற்றம்?

தங்கச்சி படித்துக் காட்டினாள். கிந்தா பள்ளத்தாக்கில், நம் ஈப்போ பக்கம்தான், இந்தக் குடல் நோய்களைக் கணக்கெடுத்தபோது மலாய்க்காரர், சீனரைவிட நம் இந்தியர்களிடம்தான் அதிகமாக இருந்ததாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் இந்த சுங்கை சிப்புட்டிலேயே எத்தனை வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறதோ! நான் காரமாகச் சமைத்துப் போட்டதால்தான் வந்தது என்று இத்தனை வருஷம் அழுதேன். காரத்தால் வருகிற நோய் இல்லையாம். உடம்பின் காவல் உன் குடலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. நீ கெட்டுப்போனதாலும் இல்லை, நான் கெடுத்ததாலும் இல்லை.

நேற்று உன் அத்தை வந்திருந்தாள். ரொட்டி சானாய் வாங்கிவந்தாள், தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். நானாகவே ஆரம்பித்து, நோயின் பெயர் முதல் டார்ச் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நான் நினைத்தது எதையும் அவள் கேட்கவில்லை. "அடுத்த மாசம் தம்பி வருதுல்ல, முருங்கைக்காய், சோளம், கச்சான் கடலை எல்லாம் ஆகுமா? அதுக்கு என்ன ஆக்கட்டும்?" என்றாள்.

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வலி வரும் நாளில் நார் வேண்டாம், குழைந்த சோறு போதும் என்று மட்டும் சொன்னேன். நீயே அத்தைக்குப் போன் போட்டுச் சொல்.

அம்மா